விமானத்துக்கு முன் வெயிலைப் பாருங்கள்: கொழும்பில் சாகசப் பறப்பு பார்க்கப் போகிறவர்களுக்கு

கொழும்பில் விமான சாகசம் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். விமானம் சரியில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வெயில் கண்ணைக் குத்தியது, முன்னால் நின்றவர் குடையை மடக்கவே இல்லை, பிள்ளை அழுதது, வெள்ளவத்தைக்குத் திரும்பி வர மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. முறைப்பாடு எல்லாம் தரையைப் பற்றித்தான் இருக்கும். மேலே பறப்பவர்கள் மாதக்கணக்காகப் பழகிவிட்டு வருகிறார்கள். நாங்கள் ஒரு திட்டமும் இல்லாமல் போய் அண்ணாந்து நிற்கிறோம்.

முதல் தடவை போகிறவர்கள் செய்யவேண்டியதை, செய்யவேண்டிய வரிசையிலேயே சொல்லிப் போகிறேன்.

என்ன காட்சி என்று முதலில் விசாரியுங்கள்

"ஏர் ஷோ" என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தவுடன் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். கொழும்பில் இந்தப் பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, பெப்ரவரி 4 சுதந்திர தின அணிவகுப்போடு வரும் பறப்பு. ஹெலிகளும் விமானங்களும் அணி அணியாக நேர்கோட்டில் வந்து கடந்து போகும். கொடி கட்டிய ஹெலி வரும், பரசூட்காரர் இறங்கலாம். ஆனால் கரணம், தலைகீழ்ப் பறப்பு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். விமானங்கள் வரும் நேரம் கொஞ்சம், அதற்காகக் காத்திருக்கும் நேரம் நீளம். இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023, 2024 இரண்டும் காலிமுகத்திடலில் நடந்தன, 2025 இல் சுதந்திர சதுக்கத்துக்குப் போய்விட்டது. போன வருடம் நின்ற இடத்துக்கே போய் நிற்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

மற்றது உண்மையான சாகசக் காட்சி. இது அடிக்கடி கிடைக்காது. இலங்கை விமானப்படை தொடங்கியது 1951 மார்ச் 2 ஆம் திகதி என்பதால், பெரிய ஆண்டு நிறைவுகள் மார்ச் தொடக்கத்தில் வரும். 2001 இல் 50 ஆவது ஆண்டுக்கு இந்திய விமானப்படையின் சூர்ய கிரண் அணி வந்தது. 2021 மார்ச்சில் 70 ஆவது ஆண்டுக்கு அதே அணி ஹாக் ஜெட்களோடு காலிமுகத்திடலுக்கு மேலே பறந்தது. கூடவே சாரங் ஹெலி அணியும் தேஜஸ் போர் விமானமும் வந்தன. இப்படிப்பட்ட காட்சி என்றால் ஒருநாள் லீவு போட்டுப் போவதற்கும் பெறுமதி உண்டு.

எந்த வகை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: ஒத்திகை எப்போது? இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கேட்பதில்லை. பெரிய நாளுக்கு முன்னைய நாட்களில் ஒத்திகை கட்டாயம் நடக்கும். பாதைகள் மூடப்படும் அறிவித்தலைப் பத்திரிகையில் பார்த்தாலே நாளும் நேரமும் பிடிபட்டுவிடும். அதே விமானம், அதே வானம், சனம் மட்டும் பாதிகூட இல்லை. மேடைப் பேச்சு இல்லை, பிரமுகர் வாகனத்துக்காக வீதியோரம் மறித்து வைப்பது குறைவு. என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் ஒத்திகைக்கே போவது நல்லது. உரிய நாளில் மழையோ தாழ்ந்த மேகமோ வந்து காட்சி சுருங்கினாலும் நீங்கள் பார்த்தது பார்த்ததுதான்.

மேகம் என்றதும் ஒன்று. சாகச அணிகள் ஒரே நிகழ்ச்சியை எல்லா நாளும் செய்வதில்லை. வானம் திறந்திருந்தால் செங்குத்தாக ஏறிப் பெரிய வட்டம் போடுவார்கள். மேகம் தாழ்ந்தால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, சாய்ந்து திரும்பும் வகைகளை மட்டும் காட்டுவார்கள். மார்ச் கடைசிக்கும் ஏப்ரலுக்கும் கொழும்பில் பின்னேர இடிமழை வழமை. பெப்ரவரியும் மார்ச் தொடக்கமும் அநேகமாக வெளித்திருக்கும், வெயில்தான் கொளுத்தும்.

வெயில் எந்தப் பக்கம்?

இடத்தைத் தெரிவு செய்வதில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

காலிமுகத்திடல் மேற்குப் பார்த்த கரை. விமானங்கள் கடலுக்கு மேலே பறக்கும், நீங்கள் கரையில் நின்று மேற்கே பார்ப்பீர்கள். காலைக் காட்சி என்றால் சூரியன் முதுகுப் பக்கம். விமானத்தின் நிறம், வாலில் உள்ள எழுத்து, விமானியின் தலைக்கவசம்கூடத் தெரியும். அதே காட்சி பின்னேரம் என்றால் சூரியன் நேரே முகத்தில். விமானம் கறுப்பு நிழலாகத்தான் வரும், ஒளிவட்டத்துக்குள் போனதும் காணாமல் போய்விடும். மார்ச் தொடக்கத்தில் பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 பாகை உயரத்தில் நிற்கும். கையை நேரே நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கடலுக்கு மேலே மூன்றரை முட்டி அடுக்கிப் பாருங்கள், சாகசம் நடக்கும் உயரமும் அதுவே. முதல் நாள் அதே நேரத்துக்கு அந்தப் பக்கம் போகக் கிடைத்தால் நின்று பார்த்துவிடலாம்.

பின்னேரக் காட்சியானால் என்ன செய்வது? திடலின் தெற்கு அந்தத்துக்குப் போங்கள், காலிமுக ஹோட்டல் இருக்கும் பக்கம். பெப்ரவரி, மார்ச்சில் சூரியன் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே சரிந்துதான் இறங்கும். தெற்கு முனையில் நின்று திடலின் நடுப்பகுதியை நோக்கினால் உங்கள் பார்வை வடமேற்கே போகும், சூரியன் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். முழுதாகத் தப்ப முடியாது, பாதியாவது தப்பலாம். வீடு திரும்பும்போதும் இந்த இடம் உதவும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுப்பகுதியில் நிற்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து உரசுவதுபோல் கடக்கும் காட்சி, பிரதான மேடைக்கு நேரே பார்க்கிறவர்களுக்காகவே அமைக்கப்படுவது. ஒதுக்குப்புறத்தில் நின்றால் அந்தக் கணம் கொஞ்சம் முன்னோ பின்னோ தெரியும். ஆனால் மேடைக்கு முன்பகுதி அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு. அதைச் சுற்றித்தான் நெரிசல். மேடையிலிருந்து ஒரு 200 மீட்டர் தெற்கே தள்ளி நிற்பவருக்கு, கடக்கும் கணத்தின் துல்லியம் கொஞ்சம் போனாலும் மூச்சு விட இடம் கிடைக்கும். நான் எப்போதும் அந்தப் பேரத்துக்குச் சம்மதிக்கிற ஆள்.

திடலுக்கே போகாமல் மரைன் டிரைவில் நின்று பார்க்கலாமே என்று கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைக்காரர் நினைப்பது நியாயம்தான். தெற்கிலிருந்து கரையோரமாக வரும் அணிகள் தெரியும், கடற்காற்றும் உண்டு. ஆனால் அங்கே வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில்பாதை. சனம் வீதியைத் தாண்டித் தண்டவாளத்தில் ஏறி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். மேலே ஜெட் இரையும்போது ரயிலின் ஹோன் காதில் விழாது. வீதிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். வெள்ளவத்தையில் மொட்டை மாடி ஏறக்கூடிய தொடர்மாடியில் உறவினர் யாராவது இருந்தால் அது எல்லாவற்றையும் விட மேல், பழச்சாறும் கிடைக்கும்.

விமானங்கள் ஏன் இவ்வளவு தள்ளிப் பறக்கின்றன என்று பக்கத்தில் நிற்கும் யாராவது குறைப்படுவார்கள். அதற்குப் பின்னால் துயரமான வரலாறு உண்டு. 1988 ஆகஸ்டில் ஜேர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய அணியின் விமானங்கள் மோதி, ஒன்று சனத்துக்குள் விழுந்தது. விமானிகள் மூவரோடு சேர்த்து 70 பேர் இறந்தார்கள். சனத்தை நோக்கி வந்த விமானம் அது. அதற்குப் பிறகு பல நாடுகளில் சனத்தை நோக்கிச் சாகசம் செய்வது நின்றது, இடைவெளி கூடியது. அமெரிக்காவில் வேகமான ஜெட்கள் பார்வையாளர் கோட்டிலிருந்து 1,500 அடி தள்ளியே சாகசம் செய்யவேண்டும். 2015 இல் இங்கிலாந்தின் ஷோரமில் இறந்த 11 பேரும் காட்சித் திடலுக்கு வெளியே, வீதியிலும் வீதியோரத்திலும் இருந்தவர்கள். ஆகவே பொலிஸ்காரர் ஒரு பாதையை மூடி அந்தப் பக்கம் நிற்காதே என்றால், அவரோடு வாதாடுவதில் அர்த்தமில்லை. அந்த வகையில் காலிமுகத்திடலுக்குக் கடல் பெரிய கொடை. கீழே வீடோ வீதியோ இல்லாத வெளி.

பையில் என்ன இருக்கவேண்டும்

2024 ஒக்டோபர் 6 ஆம் திகதி சென்னை மெரீனாவில் நடந்ததை மறந்துவிடக்கூடாது. இந்திய விமானப்படையின் காட்சி முற்பகல் 11 மணியிலிருந்து 1 மணி வரை, உச்சி வெயிலில். இலட்சக்கணக்கில் சனம். அன்று 5 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விமானம் எதுவும் விழவில்லை. வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை, கலைந்து போக வழியில்லாத நெரிசல். நம்முடைய கடற்கரையும் அதே வெயில்தான்.

ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை லீட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் போத்தலில். அங்கே போய் வாங்கலாம் என்று போகாதீர்கள், வாங்க வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் நல்ல விமானம் வரும். பார்மசியில் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) பக்கெட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது தலை சுற்றினால் கரைத்துக் கொடுக்கலாம். விளிம்பு அகலமான தொப்பி, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி. விரிக்க ஒரு பழைய சீலை. தேசிய அடையாள அட்டை.

பை சின்னதாக இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனையில் பெரிய பையோடு வருகிறவர்தான் நெடுநேரம் நிற்பார். பழம் வெட்டும் கத்தியை வீட்டிலேயே வையுங்கள், பழத்தை வெட்டியே கொண்டுபோகலாம். சாப்பாடு எண்ணெய் வழியாததாக, ஒரு கையால் சாப்பிடக்கூடியதாக இருந்தால் வசதி. மீன் பணிஸ் போதும்.

பைனாகுலர் இருந்தால் 8 மடங்கு பெருக்கம் உள்ளதே நல்லது. அதற்கு மேல் போனால் கை நடுங்கும், விமானத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். அதைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பிள்ளைகளிடம் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

காது. ஹாக் போன்ற பயிற்சி ஜெட்கள் பரவாயில்லை. பின்னெரிப்பு (எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவது) போட்டு ஏறும் போர் விமானத்தின் சத்தம் வேறு. நெஞ்சுக்குள் அடிக்கும். கைக்குழந்தைகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் காதை முழுதாக மூடும் ஹெட்செட் வகைக் காப்பு வேண்டும். பஞ்சு வைத்தால் பெரிதாகப் பயனில்லை.

போகும் வழி

வாகனத்தில் போகாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து கரையோர ரயிலில் வந்தால் கொள்ளுப்பிட்டியில் இறங்கி வடக்கே நடக்கலாம், அல்லது கொம்பனித்தெருவில் இறங்கலாம். திடலுக்குக் கிட்டிய நிலையம் கொம்பனித்தெருதான். கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர் கோட்டை வரை வந்து அங்கிருந்து நடப்பதே சுகம். பெப்ரவரி 4 அரச விடுமுறை என்பதால் அலுவலக ரயில்கள் ஓடாது, நேரத்தை முதல் நாளே பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்து வையுங்கள், பிறகு இடத்தை விட்டு அசைய முடியாது.

இன்னொன்று. சனம் கூடியதும் தொலைபேசி வேலை செய்யாது. எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பப் பார்ப்பார்கள். "போன் பண்ணு, சந்திப்போம்" என்று பிரிந்து போகாமல், பிரிந்தால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். திடலுக்கு வெளியே உள்ள இடமாக இருக்கட்டும். பிள்ளையின் கையில் அம்மாவின் இலக்கத்தைப் பேனையால் எழுதிவிடுங்கள்.

எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது

நிற்கிறீர்கள், சரி. சத்தம் கேட்கிறது. உடனே சத்தம் வந்த திசையில் எல்லோரும் தேடுவார்கள். அங்கே ஒன்றும் இருக்காது.

காரணம் எளிது. கொழும்பு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும் ஜெட்டின் சத்தம் உங்களிடம் வந்து சேர மூன்று நொடி. அந்த மூன்று நொடியில், மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் முன்னால் போயிருக்கும். ஆகவே சத்தம் கேட்கும் இடத்தை விட்டு, அது நகரும் திசையில் நன்றாக முன்னே பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பழகியதும் பக்கத்திலுள்ளவர் "எங்கே, எங்கே" என்று தேடும்போது நீங்கள் விரலை நீட்டுவீர்கள்.

அணியாக வருபவர்கள் ஒரு சுற்று முடித்து, புகையை நிறுத்திவிட்டுத் தூரத்துக்குப் போவார்கள். அப்போது எல்லோரும் போனைக் குனிந்து பார்ப்பார்கள். நிமிர்ந்தே இருங்கள். நிகழ்ச்சி அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கும்: பெரிய அணி திரும்பி அடுக்குச் சேரும் இடைவெளியில், தனி விமானமோ இரண்டு விமானங்களோ பக்கங்களிலிருந்து தாழ வந்து நுழையும். வடக்கே அடிவானம், தெற்கே அடிவானம் என்று மாறி மாறிப் பாருங்கள். மரமட்ட உயரத்தில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால், அது உங்களை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கு. எதிர்ப்பக்கத்திலும் அப்படி ஒன்று தெரிந்தால், இரண்டும் நடுவில் கடக்கப் போகின்றன என்று அர்த்தம். பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துப் பாருங்கள், நீங்கள்தான் விமானத்தை வரவழைத்தீர்கள் என்று நம்பிவிடும்.

புகை எரிவதால் வருவதல்ல. சூடான வெளியேற்றக் காற்றுக்குள் எண்ணெயைச் செலுத்துகிறார்கள், அது ஆவியாகிக் குளிர்ந்து வெண்புகையாகிறது. நிறம் வேண்டுமானால் சாயம் சேர்ப்பார்கள். பின்னேரம் கடற்காற்று கரைக்கு வீசும்போது அந்தப் புகை மெல்ல நம் பக்கமே வந்து இறங்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை எடுத்துப் போகவேண்டும். புகையே போடாத விமானத்தின் இறக்கையிலிருந்தும் வெள்ளையாக ஏதோ கிளம்புவதைக் காண்பீர்கள். கூர்மையாகத் திரும்பும்போது இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் திடீரென்று குறைந்து, ஈரப்பதம் பனிமூட்டமாகிறது. வறண்ட ஊர்களில் இதை இவ்வளவு நன்றாகக் காண முடியாது. கொழும்பின் புழுக்கத்தால் வரும் ஒரே இலாபம்.

ஒலிபெருக்கி அறிவிப்பு உங்களுக்குப் புரியாத மொழியில் போகலாம், காற்றில் பாதி கேட்காமலும் போகலாம். எந்த விமானம் எப்படி இருக்கும் என்று முன்னரே கொஞ்சம் தெரிந்திருந்தால் கவலையில்லை. ஒரு நாள் இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தொடக்கக் காலச் சிப்மங் பயிற்சி விமானம், 1971 இல் சோவியத்திலிருந்து வந்த மிக் 17 போர் விமானம் போன்றவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஜெட்டின் காற்று உள்ளே போகும் வாய் எது, வெளியே வரும் துவாரம் எது என்று தொட்டுவிடும் தூரத்தில் பார்த்த பிள்ளை, வானத்தில் பார்க்கும்போது வேறு மாதிரிப் பார்க்கும்.

எல்லோருக்கும் இது களியாட்டம் அல்ல

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அதுவும் வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ யுத்தக் காலத்தைக் கழித்தவர்கள் என்றால், கூட்டிப் போகுமுன் கேளுங்கள். 1996 இல் கிபிர் போர் விமானம் இங்கே வந்தது. அந்தச் சத்தத்தோடு பங்கருக்குள் ஓடியவர்களுக்கு ஜெட்டின் இரைச்சல் இன்றைக்கும் அதே இரைச்சல்தான். எங்கள் மாமி வெள்ளவத்தைக்கு வந்து பல வருடமாகிறது. ஒத்திகை நாளொன்றில் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், முதல் ஜெட் போனதும் கையிலிருந்த கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "போயிட்டுதோ?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு வழிகாட்டல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒத்திகை நாள் தெரிந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எதிர்பாராத சத்தம்தான் கூட வருத்தும். அன்றைக்கு வீட்டில் தனியே விடாதீர்கள். "இப்ப என்ன பயம், பார்க்க வாங்கோ" என்று இழுக்காதீர்கள். சிலர் தாமாகவே வரப் பிரியப்படுவார்கள், வரட்டும். சிலர் பேரப்பிள்ளை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்பார்கள், அதுவும் சரி.

படம்

போனில் எடுப்பவர்களுக்கு: தூரத்து விமானத்தைப் பெருப்பித்து எடுக்காதீர்கள், பிறகு பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. போனுக்கு ஏற்றது புகைக்கோலம்தான். சனம், கடல், புகை எல்லாம் அகலமாக ஒரே படத்தில் வரட்டும். ஒன்றிரண்டு எடுத்துவிட்டுப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

கமரா வைத்திருப்பவர்களுக்கு: ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம். ஹெலிக்கும் முன்சுழலி உள்ள விமானத்துக்கும் அப்படி வைத்தால் சுழலும் தகடுகள் அசையாமல் நின்று, பொம்மையைத் தொங்கவிட்டதுபோல் வரும். 1/200க்குக் கீழே இறக்கி, விமானத்தோடு சேர்ந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே எடுங்கள். வெளிச்ச வானத்துக்கு முன்னால் விமானம் கறுத்துப் போகும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள்.

ட்ரோனைத் தொடவே வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் சட்டச் சிக்கல், அதைவிட மேலே இருப்பவரின் உயிர்ச் சிக்கல். காலிமுகத்திடல் என்றாலே பட்டம் நினைவுக்கு வரும், அன்றைக்கு மட்டும் பட்டமும் வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தையும் எறியாதீர்கள். கொழும்புக் காகங்களைத் தெரியும்தானே, ஒரு பணிஸ் துண்டுக்கு ஒரு பட்டாளமே இறங்கும். ஜெட் எஞ்சினுக்குப் பறவை நல்லதல்ல.

பின்னால் நிற்பவருக்காகக் கொஞ்சம்: விமானம் வராத நேரத்தில் குடை பிடியுங்கள், வந்ததும் மடக்குங்கள். டெப்லட்டைத் தலைக்கு மேலே தூக்காதீர்கள். பிள்ளையைத் தோளில் ஏற்றுவதானால் கடைசி வரிசைக்குப் போங்கள். கடல் ஓரச் சுவரில் ஏறி நிற்பவர்களுக்கு இறங்கச் சொல்லுங்கள். அலை பார்த்து வராது.

திரும்பும்போது

கடைசி விமானம் போனதும் முழுச் சனமும் ஒரே நேரத்தில் காலி வீதிக்குப் பாயும். அந்த முதல் அலையில் போகாதீர்கள். நாளையே கெடுப்பது இந்த அரை மணி நேரம்தான். விரித்த சீலையில் இருந்து மீதித் தண்ணீரைக் குடியுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடட்டும். இறால் வடைக்கு இதுதான் நேரம்: முன்னர் வாங்கினால் எண்ணெய்க் கையோடு கமராவைத் தொடவேண்டும், வடையைக் காகத்திடமிருந்தும் காப்பாற்றவேண்டும். இப்போது சூடாக்கித் தரச் சொல்லி, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் போட்டு ஆறுதலாகச் சாப்பிடலாம்.

கூட்டம் தளர்ந்ததும், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள். வடக்கே கோட்டைக்குப் போகும் வழிதான் கடைசி வரை இறுகியிருக்கும். தெற்கு முனையில் நிற்கச் சொன்னேனே, அங்கிருந்து கொள்ளுப்பிட்டி ரயில் நிலையத்துக்கு ஆறுதலாக நடந்தால் இருபது நிமிடமளவில் போய்விடலாம். பஸ்காரர் திடலடித் தரிப்பிடத்தில் காத்து நிற்காமல் கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டி நடந்து, அங்கே 100 அல்லது 101 இல் ஏறுங்கள். பிக்மீ போடுவதானாலும் மூடிய வீதிக்குள் நின்று போடாதீர்கள். ஓட்டுநர் வரவும் மாட்டார், இரத்துச் செய்யவும் மாட்டார், போனின் சார்ஜ்தான் இறங்கும். பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்துகொண்டே போய், வாகனங்கள் ஓடுவதைக் கண்ட பிறகு போடுங்கள்.